அன்றிரவு நடந்தது என்ன?

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே பிள்ளைக்கு முதற் பல் முளைத்ததும் கொழுக்கட்டை அவிப்பதும், பிள்ளையை நடுவிலே இருத்தித் தலைக்குமேல் வெள்ளைத்துணி பிடித்து அவற்றைச் சொரிவதும், பின்னர் அதன் முன்னே ஏடு, எழுதுகோல், பொன்னாபரணம் முதலியவற்றைத் தட்டத்திலே பரப்பி, எதை எடுக்கிறது பார்ப்போம் என்று பெரியவர்களெல்லாம் குனிந்து நிற்பதும் வாசகர் அறிந்தனவே. சென்ற ஆண்டு வைகாசியிலே எமது பெறாமகளின் மகனுக்கும் அவ்வாறே செய்தார்கள். பிள்ளைக்கு அப்போது ஒன்பது மாதம். அவ்வயதிலே பிள்ளை தானாக இருக்கவேண்டும், இவன் இருக்கவில்லை. தாய் தன் மடியிலே வைத்து மார்போடு சாய்த்துக்கொண்டாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. தட்டம் முன்னே வந்தபோது இரு கைகளும் பொத்தியபடியே இருந்தன. பெருவிரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. கிழவி ஒருத்தி அவ்விரல்களை மெல்ல விரித்து எழுதுகோலைச் செருகிப் பார்த்தாள். அது நழுவி விழுந்தது. "பிறகு எடுப்பான், பிறகு எடுப்பான்" என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கொழுக்கட்டையின் பக்கம் திரும்பிவிட்டது.

கிராமத்துக் குடும்பநல மாது அதற்கு முன்னரே பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டிலே கழுத்து நிமிராமையைக் குறித்து, வைத்தியரிடம் காட்டும்படி இருமுறை சொல்லியிருந்தார். வீட்டார் அதனை, "ஆம்பிளைப் பிள்ளை சுணங்கித்தான் நிமிரும்" என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். அவ்வாறு தட்டிக் கழித்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இங்கே மறைப்பதிற் பயனில்லை.

அடுத்த வாரம் சிறுபிள்ளை வைத்திய நிபுணர் பார்த்துவிட்டு, பெருமூளை வாதம் என்றார்.

நோய்க்குப் பெயர் கிடைத்தவுடன் ஊர் காரணம் தேடத் தொடங்கியது. பிள்ளை வயிற்றிலிருந்த காலத்திலே கிரகணம் வந்ததென்றார் ஒருவர். பாலாரிட்டம் என்றார் இன்னொருவர். செத்தவீட்டுக்குப் போனது பிழை என்றாள் ஒரு மூதாட்டி. இவையெல்லாம் நாம் கேட்டுப் பழகியவை. ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடலாம். ஆனால் மாமியார் சொன்ன ஒன்று பெறாமகளின் நெஞ்சிலே தைத்துவிட்டது. "வயித்துக்குள்ளை பிள்ளையோடை மோட்டச்சைக்கிளிலை ஓடித் திரிஞ்சவள்தானே" என்பதே அது. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. ஏழாம் மாதம்வரை கணவனின் மோட்டார்ச் சைக்கிளிலே பின்னாலிருந்து பாடசாலைக்குச் சென்றவள். அதனாற் பெருமூளை வாதம் வருவதில்லை. வைத்தியர் அதனைத் தெளிவாகச் சொன்னார். ஆயினும் வைத்தியரின் சொல் வைத்தியசாலையிலே நின்றுவிட்டது. மாமியாரின் சொல் வீட்டுக்குள்ளே இருந்தது.

ஒரு நாள் அவள் எம்மிடம் வந்தாள். பிள்ளையைத் தோளிற் போட்டபடி, "பெரியப்பா, நான் காசு கேக்கேல்லை. அண்டைக்கு இரவு என்ன நடந்தது எண்டு ஆராவது எனக்குச் சொல்லட்டும்" என்றாள்.

அந்த இரவைப்பற்றி அவள் அறிந்தது சிறிது. மாலையிலே ஒரு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. இரவு பத்து மணியளவிலே நீர்க்குடம் உடைந்தது. கணவன் வெளியே வாங்கில் இருந்தான். நள்ளிரவுக்குப் பின்னர் நெடுநேரம் தன்னருகே ஒருவரும் வரவில்லையென்பது அவளின் ஞாபகம். ஆனால் நோவிற் கிடப்பவளுக்கு நேரக்கணக்குத் தெரியுமா என்று அவளே ஐயுறுகிறாள். பின்னர் பலர் ஓடிவந்தார்கள். விடியப்புறம் 4.40க்குப் பிள்ளை பிறந்தது. அழவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினொரு நாள் குழந்தைகள் பிரிவிலே கண்ணாடிக்குள் இருந்தது. வீட்டுக்கு விடும்போது ஒரு நோய் நிர்ணய அட்டை கொடுத்தார்கள். அதிலே மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவற்றின் பொருள் மூளைக்கு ஒட்சிசனும் இரத்தமும் குறைந்ததனால் நேர்ந்த பாதிப்பு என்பதைப் பத்து மாதங்களின் பின்னரே அவள் அறிந்தாள்.

இங்கே ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் வெளியிட்ட தமிழ் மருத்துவ நூல்களுள் ஒன்று "பிரசவ வைத்தியம்". அது வெளிவந்த ஆண்டு 1857. நாலாண்டுகள் கழித்து, 1861இல், வில்லியம் ஜோன் லிற்றில் என்னும் ஆங்கில வைத்தியர் இலண்டனிலே மகப்பேற்று மருத்துவர் சங்கத்தின் முன், கடினமான பிரசவத்துக்கும் குறைமாதப் பிறப்புக்கும் பிறந்தவுடன் மூச்சு வராமைக்கும் பிள்ளைகளின் கைகால் இறுக்கத்துக்கும் தொடர்புண்டு என்று ஒரு கட்டுரை படித்தார். நெடுங்காலம் இந்நோய்க்கு அவர் பெயரே வழங்கியது. மேனாட்டார் இந்தக் கேள்வியை எழுப்பிய காலத்திலேயே, பிள்ளைப்பேற்றைப் பற்றிய மருத்துவ நூலைத் தமிழிற் படிக்கும் வாய்ப்பு மானிப்பாயில் இருந்ததென்றால், இன்று மானிப்பாய்ப் பெண் ஒருத்தி தன் பிரசவத்தைப்பற்றிய நாலு வரியைப் படிக்க ஒருவரின் உதவியை நாடவேண்டியிருப்பது விசித்திரமன்றோ?

லிற்றில் சொன்னதே முடிந்த முடிபாகிவிடவுமில்லை. உளவியலாற் புகழ்பெற்ற சிக்மண்ட் புரொய்ட் தொடக்கத்தில் நரம்பு வைத்தியர். அவர் 1897இல் இந்நோயைப்பற்றி எழுதியபோது, கடினமான பிரசவமே காரணமாக இருக்கவேண்டுமென்பதில்லை; பிள்ளைக்கு வயிற்றிலேயே நேர்ந்துவிட்ட வேறொரு கேட்டின் விளைவாகவும் பிரசவம் கடினமாகலாம் என்று சொன்னார். இக்கருத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெல்சன், எலன்பேர்க் என்னும் இருவர் பல்லாயிரம் பிரசவங்களின் பதிவுகளை ஆராய்ந்து, பிரசவ நேரத்து மூச்சுத்திணறலாற் பெருமூளை வாதம் வருவது சிறுபான்மையே என்று காட்டிய பின்னர்தான் புரொய்ட் சொன்னதைத் திரும்பிப் பார்த்தார்கள். குறைமாதம், கருப்பையிற் கிருமித்தொற்று, மரபணுக் குறைகள், பிறந்தபின் அளவுமீறிய மஞ்சட்காமாலை என்று காரணங்கள் பல. குழந்தையின் இதயத்துடிப்பை இயந்திரத்தாற் பதியும் முறை வந்து, வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுப்பது பல மடங்கு பெருகிய நாடுகளிலுங்கூட இந்நோய் அந்த அளவுக்குக் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வைத்தியசாலைகளிற் பிழையே நடப்பதில்லைப் போலும் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. சிறுபான்மை என்றால் இல்லை என்று பொருளன்று. நிறைமாதத்திலே நல்ல துடிப்போடு இருந்த குழந்தை, பிரசவ வேளையிலே துடிப்புத் தளர்ந்து, அதனை எவரும் கவனியாமையால் மூளை கெட்டுப் பிறப்பதும் உண்டு. எந்தக் குழந்தை எந்த வகை என்பதை எப்படி அறிவது? அன்றிரவு எழுதப்பட்ட கடதாசிகளே அதற்கு வழி.

சட்டத்தரணியிடம் போனபோது அவர் முதலிற் கேட்டதும் கடதாசியைத்தான். (முன்னாளிலே அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரு வகையினர் இருந்தார்கள், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எல்லோரும் சட்டத்தரணிகளாகிவிட்டார்கள். எமது வாயில் இன்னும் அப்புக்காத்து என்றே வருகிறது.) வேலி எல்லையிலே நாலு விரற்கிடை நிலத்துக்காக, அதிலே நிற்கும் ஒற்றைப் பனைக்காக, தகப்பன் தொடங்கிய வழக்கைப் பேரன் முடித்த ஊர் எமது ஊர். நீதிமன்ற வாசலை மிதிக்க யாழ்ப்பாணத்தவருக்குக் கூச்சம் கிடையாது. ஆயின் பிள்ளையின் காயத்துக்காக வழக்குத் தொடுத்த ஒருவரையேனும் அயலிலே தேடினோம், கிடைக்கவில்லை. காணிக்கும் சீதனத்துக்கும் நமக்குத் தேசவழமை உண்டு. ஒல்லாந்தர் அதனை 1707இலேயே தொகுத்து எழுதிவிட்டார்கள். உடலுக்கு நேர்ந்த கேட்டுக்கு அவ்வொல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டமே இன்றும் வழி.

சட்டத்தரணி பொறுமையுள்ளவர். எமக்கு விளங்கும்படி சொன்னார். அரசாங்க வைத்தியசாலையாயின் அரசின்மீதே வழக்கிடலாம். முன்னர் அது முடியாது, 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடந்தந்தது. செய்யவேண்டிய கடமையிலே தவறினார்கள் என்பதைக் காட்டவேண்டும். அத்தவறினாலேயே பிள்ளைக்கு இக்கேடு வந்தது என்பதையும் காட்டவேண்டும். முதலாவதை நிரூபித்து இரண்டாவதிலே தோற்றவர் பலர். அன்றியும், நட்டஈடு கோரும் வழக்குக்குக் காலவரையறை உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை இரண்டு வருடம் என்கிறது. பராயமடையாதவர்க்கு உரிய விலக்குகளைப்பற்றி அவர் விரிவாகச் சொன்னார். ஆயின் "அதை நம்பி இருந்துவிடாதையுங்கோ" என்றும் சொன்னார். இரண்டு வருடம்! பிள்ளை நடக்கவில்லை, பேசவில்லை என்பது திடமாகத் தெரிவதற்கே பல வீடுகளில் அக்காலம் போய்விடுகிறதே.

பின்னர் அவர் கொழும்பு வழக்கொன்றைச் சொன்னார். மருத்துவக் கவனக்குறைவு பற்றிய எந்தப் பேச்சிலும் இலங்கைச் சட்டத்தரணிகள் அதனைச் சொல்லாமல் விடுவதில்லை. 1992ஆம் ஆண்டு ஒரு சிறுமி மூளையிலே கட்டி வளர்ந்து இறந்தாள். பேர்பெற்ற சிறுபிள்ளை வைத்தியப் பேராசிரியர் பிரியானி சொய்சா நோயை உரிய காலத்தில் அறியத் தவறினார் என்று தகப்பனார் வழக்கிட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தொகையைக் குறைத்தது. 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அதனையும் தள்ளிவிட்டது. கவனக்குறைவினாலேதான் மரணம் வந்ததென்பது நிரூபிக்கப்படவில்லை. அத்துடன், உரோமன் டச்சுச் சட்டத்தின்படி தகப்பன் அப்போது பெறக்கூடியதாயிருந்தது பண நட்டத்துக்குரிய ஈடே, பிள்ளையை இழந்த துயரத்துக்குரிய ஈடன்று என்பது தீர்ப்பின் சாரம். அக்குழந்தையின் கட்டி எப்படியும் உயிர்கொல்லும் வகையினது. ஆகவே தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் துயரத்துக்கு விலையில்லை என்ற சொல் எமது பெறாமகளின் முகத்திலே என்ன செய்தது என்பதை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம்.

கடதாசிகளுக்கு விண்ணப்பித்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குப் பேருதவி. ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுக்கலாகாது என்று அச்சட்டம் சொல்கிறது; ஆகவே தாயே கையொப்பமிட்டுக் கேட்டாள். தகவல் அலுவலர் பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொன்னார்கள். பிரதிகள் வந்தன. அந்த அலுவலகத்திலே எவரும் எம்மைக் கடிந்து பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாம் சண்டைக்கு ஆயத்தமாகச் சென்றிருந்தோம்.

எமது ஊரிலே ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு, மேசை விளக்கின் கீழே அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். பிரசவம் எவ்வாறு முன்னேறுகிறது என்பதைப் புள்ளியிட்டுக் கோடிழுக்கும் வரைபுத்தாள் ஒன்று உண்டு. அதிலே தாயின் நாடி, நோவின் வேகம், குழந்தையின் இதயத்துடிப்பு யாவும் நேரத்தோடு பதியப்படும். எமது பெறாமகளின் தாளிலே துடிப்பு அரைமணிக்கொருமுறை ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது. 1.30க்கு ஒரு புள்ளி. அடுத்த புள்ளி 3.15க்கு. இடையிலே வெறுந்தாள். பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் குழந்தைக்கு இடும் புள்ளிகள் மிகக் குறைவு. வேர்ஜினியா அப்கார் என்னும் அமெரிக்க வைத்தியை 1952இல் வகுத்த கணக்கு அது. பத்துக்கு மூன்று, பின்னர் ஐந்து. தொப்புட்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மை பார்க்கப்படவில்லை. அதைப் பார்த்திருந்தால், பிரசவ நேரத்திலே ஒட்சிசன் குறைந்ததா என்பதற்கு ஒரு பலமான சான்று இருந்திருக்கும்.

"எழுதேல்லை எண்டதாலை பாக்கேல்லை எண்டு சொல்லேலாது. பாத்தவை எண்டும் சொல்லேலாது" என்றார் வைத்தியர். பிறகு தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "இந்த ஒண்டேமுக்கால் மணித்தியாலத்திலைதான் எல்லாம் இருக்கு" என்றார்.

இதற்கிடையில் பெறாமகளின் கணவன் கைத்தொலைபேசியிலே தேடித்தேடிப் படித்துவிட்டு, இன்னொரு குற்றச்சாட்டைக் கொண்டுவந்தான். மேனாடுகளிலே இவ்வாறு பிறந்த குழந்தையை மூன்று நாள் குளிரூட்டி மூளையைக் காப்பாற்றுகிறார்கள். இங்கே அது செய்யப்படவில்லை. இது பெருங் கவனக்குறைவு என்றான். அவன் சொன்னதில் முன்பாதி உண்மை. ஆனால் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் 408 குழந்தைகளைக்கொண்டு நடந்த ஆராய்ச்சியொன்றின் முடிபு 2021இல் வெளிவந்தது. குளிரூட்டிய குழந்தைகளுள் 42 சதவீதமும் குளிரூட்டாதவற்றுள் 31 சதவீதமும் இறந்தன; உயிரிழப்பும் ஊனமும் சேர்ந்த கணக்கிலே பயனேதும் தெரியவில்லை. இதை ஓய்வுபெற்ற வைத்தியர் அவனுக்கு விளக்கினார். அவன் நெடுநேரம் பேசாமலிருந்தான். குற்றஞ் சாட்ட ஒன்று கிடைப்பதும் ஒருவகை ஆறுதல். அதனைப் பறித்துவிட்டோமே என்று எமக்கும் சங்கடமாகவே இருந்தது.

பிறநாட்டு வழக்குகளையும் தேடிப் படித்தோம். அவற்றுள் இரண்டு எமது மனத்தில் நிலைத்தன. ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. 1996ஆம் ஆண்டு எழும்பூர் அரசினர் மருத்துவமனையிலே இருபத்தொன்பது வாரத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. நிறை 1250 கிராம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை கெடுவதுண்டு. உரிய வாரங்களிலே கண்ணைச் சோதித்தாற் பெரும்பாலும் தடுத்துவிடலாம். சோதிக்கவுமில்லை, சோதிக்கவேண்டுமென்று பெற்றோருக்குச் சொல்லவுமில்லை. குழந்தை பார்வையிழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் ஐந்து இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. தகப்பன் விடவில்லை. 2015 யூலையிலே இந்திய உச்ச நீதிமன்றம் கழிந்த செலவுக்கும் வருஞ் செலவுக்குமாக ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் விதித்தது. அப்போது அப்பெண்ணுக்குப் பதினெட்டு வயது.

மற்றையது ஸ்கொத்லாந்திலே. நீரிழிவுள்ள சிறிய உடலமைப்பினளான ஒரு தாய். வயிற்றிலே பெரிய குழந்தை. இயற்கைப் பிரசவத்திலே தோள் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது வைத்தியருக்குத் தெரியும். சொன்னால் தாய் பயந்து சத்திரசிகிச்சை கேட்பாளென்று சொல்லாமல் விட்டார். 1999இல் அவ்வாறே தோள் சிக்கியது. ஆண்குழந்தை பெருமூளை வாதத்தோடு தப்பியது. 2015 பங்குனியிலே பிரித்தானிய உயர் நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்த்து, ஐம்பத்திரண்டரை இலட்சம் பவுண் கிடைக்கச் செய்தது. நோயாளருக்கு எதைச் சொல்லவேண்டும் என்பதை வைத்தியர்களின் வழக்கம் தீர்மானிக்கலாகாது. தன் நிலையிலுள்ள ஒருத்தி எதை அறிய விரும்புவாளோ அதைச் சொல்லவேண்டும் என்றது மன்று. இவ்விரு வழக்குகளிலும் தவறின் வேர் சொல்லாமை. கத்தியும் ஊசியும் பிழைத்ததனால் வந்தவையல்ல இவை. வாய் திறவாமையால் வந்தவை.

பணம் வேண்டாமென்று பெறாமகள் சொன்னது உண்மையேயாயினும், அதனை அப்படியே எடுத்துக்கொள்ளவும் எமக்கு மனமில்லை. அவள் சம்பளமில்லா லீவிலே நிற்கிறாள். வாரம் இரண்டு நாள் இயன்மருத்துவரிடம் போகவேண்டும். பிள்ளையின் இடுப்பும் கழுத்தும் சரியாதபடி இருத்துவதற்கு ஒரு தனிக் கதிரை வேண்டும். கடையிலே அதன் விலையைக் கேட்டுவிட்டு, அயலூர்த் தச்சரிடம் அளவு கொடுத்து வேப்பம் பலகையிற் செய்வித்தோம். விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சோறூட்ட ஒரு மணித்தியாலம் செல்கிறது. இத்தனையும் இன்னும் எத்தனை ஆண்டுக்கு? தாய்க்கு எழுபது வயதாகும்போது இவனுக்கு நாற்பதைத் தாண்டிவிடும். நட்டஈடு கேட்பவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று பேசுவோர், ஒரு நாள் வந்து அந்தக் கிண்ணத்தைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும்.

யப்பான் தேசத்திலே இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். 2009 தை முதலாக, பிரசவத்தோடு தொடர்புடைய கடுமையான பெருமூளை வாதம் வந்த பிள்ளைக்கு, எவரின் பிழை என்று நிரூபிக்காமலே மொத்தம் மூன்று கோடி யென் படிப்படியாகக் கொடுக்கிறார்கள். அது ஒருபுறமிருக்க, எம்மைக் கவர்ந்தது மற்றொன்று. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் நிபுணர் குழுவொன்று தனித்தனியே ஆராய்ந்து, நடந்ததை எழுதி, ஒரு பிரதியை வைத்தியசாலைக்கும் ஒரு பிரதியைப் பெற்றோருக்கும் அனுப்புகிறது. நமக்கும் இது புதிய வித்தையன்று. இலங்கையிலே தாயொருத்தி பிரசவத்தில் இறந்தால் அம்மரணத்தைத் தனியே எடுத்து ஆராயும் முறை நெடுங்காலமாக உண்டு. பிரசவத் தாய்மாரின் மரணம் இந்நாட்டிலே இத்துணை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இறந்த தாய்க்குச் செய்வதை, உயிரோடிருக்கும் பிள்ளைக்கும் செய்து, அதன் பெறுபேற்றைத் தாயின் கையிலே தமிழிற் கொடுத்தால் என்ன?

இயன்மருத்துவப் பகுதியின் வாங்கிலே எமக்குப் பக்கத்தில் வழக்கமாக ஓர் அம்மா இருப்பார். முப்பது வயதைக் கடந்த மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு வருவார். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்ததல்லவா? அந்தச் சனநெரிசலிலே, மழையிலே, நாவற்குழிப் பாலம் தாண்டியபின் யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தையில் அவன் பிறந்தான். மருத்துவிச்சி இல்லை, விளக்கில்லை. நாம் கடதாசிக் கட்டோடு இருப்பதைக் கண்டு விசாரித்தார். சொன்னோம். "உங்களுக்குக் கேக்கிறதுக்கு ஓர் இடமாவது இருக்கு, தம்பி" என்றார். எமக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது; தம்பி என்றது அவரின் அன்பு. அதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று எமக்குத் தெரியவில்லை. அவரே பேச்சை மாற்றி, பிள்ளையின் கதிரைக்கு எங்கே பட்டி தைப்பித்தீர்கள் என்று கேட்டார்.

இனி, நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லலாமா என்று பலநாள் யோசித்தோம். பெறாமகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். சென்ற மாசியிலே ஒரு பின்னேரம், அன்றிரவு கடமையிலிருந்த ஒருவர் அவளின் வீட்டுக்கு வந்தார். எவரும் அனுப்பி வரவில்லை. பதிவுகள் கேட்கப்பட்ட செய்தியறிந்து தாமாகவே வந்தார். முற்றத்துக் கதிரையிலே இருந்து, கைகளை மடியிற் கோத்துக்கொண்டு சொன்னார்: அன்றிரவு ஒன்றரை மணிக்குப் பின் பக்கத்துக் கட்டிலிலே ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்து இரத்தப்பெருக்கு நிற்கவில்லை. இருந்தவர்கள் எல்லோரும் அங்கே ஓடினார்கள். அந்தத் தாய் பிழைத்துவிட்டாள். இங்கே திரும்பி வந்து காதை வைத்தபோது துடிப்பு எழுபதுக்கு இறங்கியிருந்தது. "நான் வந்து பாத்திருக்கவேணும், பிள்ளை. ஒரு நிமிஷம் வந்திருக்கலாம்" என்று சொல்லி அழுதார்.

பெறாமகள் எழுந்து உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிரவு அவள் நன்றாக உறங்கினாள் என்று பின்னர் சொன்னாள். பிள்ளை பிறந்த நாள் முதல் அதுவே முதல் தடவை. மாமியாரும் அந்தப் பின்னேரம் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மோட்டார்ச் சைக்கிளின் பேச்சு அதன்பின் எழவில்லை.

இதனைச் சட்டத்தரணியிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தொழிலிலே இது பெருஞ் சான்று. அவர் வந்து சாட்சி சொல்வாரா என்று கேட்டார். சொன்னால் அவரின் உத்தியோகம் என்னவாகும்? சொல்லாவிட்டால் அந்த வெறுந்தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓர் உயிர் ஊசலாடும்போது இருவருக்கு நடுவே ஓடிய ஒருவரின்மீதா இந்தக் கேடு சாரும், அன்றி அத்தனை கட்டில்களுக்கு அத்தனை பேரையே கடமைக்கு விட்டவர்கள்மீதா? வழக்கு அரசின்மீதுதான், ஆள்மீதன்று என்று சட்டத்தரணி சொல்கிறார். சட்டத்திலே அது சரி. ஆனால் கூண்டிலே ஏறப்போவது ஆள்.

கோரிக்கைக் கடிதம் எழுதியாகிவிட்டது. பெறாமகள் இன்னும் கையொப்பமிடவில்லை. கணவன் இடச்சொல்கிறான், அவள் நாளைக்கு, நாளைக்கு என்கிறாள். எம்மைக் கேட்டபோது, அந்தக் கதிரையையும் கிண்ணத்தையும் நினைத்து, இடு என்றுதான் சொன்னோம். சொன்னபின் அந்தக் கோத்த கைகள் கண்ணிலே வந்து நின்றன. ஆவணியிலே இரண்டு வருடம் முடிகிறது. கடிதம் எமது மேசையிலே, கணக்குப் புத்தகத்தின் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு இயன்மருத்துவரிடம் முறை. இப்போது சாய்த்து வைத்தால் வலக்கைப் பெருவிரலை வெளியே எடுக்கிறான். காலை 6.40 பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் இலக்கம் கிடைக்கும்.